இடது வளைவு

வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் சோமேஷ் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாகச் சும்மா திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலூரிலிருந்து காலை பஸ் பிடித்து வந்தவன், இருபத்துநாலு வயசு, அடுத்த சனி ஞாயிறு நடக்கப்போகும் போட்டியில் இந்தக் காரை ஓட்டப்போகிறவன். புது வண்டியில் ஏறுகிற எவனும் முதல் ஓட்டம் முடிந்ததும் இப்படிக் கொஞ்ச நேரம் யோசனையில் உட்காருவது உண்டுதான். ஷெட்டுக்காரன் மஹீன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

“வலது பக்கம் சும்மா அள்ளுது பாய். இடதுலதான் மூக்கு திரும்ப மாட்டேங்குது. நான் ஒடிக்கறேன், அது பாட்டுக்கு நேரா போவுது,” என்றான் சோமேஷ்.

மஹீனுக்குச் சிரிப்பு வந்தது. “மலையச் சுத்திட்டு வான்னுதானே அனுப்பிச்சேன். அதுல இடது எங்க வந்துச்சு?”

“டவுன்ல போயி பெட்ரோல் போட்டேன். அப்படியே அந்தப் பக்கமா சுத்தி வந்துட்டேன்.”

“எதிர்ச்சுத்தா?”

“ஏன் பாய், ஒன்வேயா அது?”

ஒன்வே எல்லாம் இல்லை. பஸ்ஸும் லாரியும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் திருவண்ணாமலையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது என்றால் மலையைச் சுற்றி வருவது, சுற்றி வருவது என்றால் மலை வலது கைப்பக்கம் இருப்பது. கார் புதுசாக வாங்கினாலும் ஒரு சுற்று, கிளட்ச் மாற்றினாலும் ஒரு சுற்று, அட, வைப்பர் மாற்றினால்கூட ஒரு சுற்று போய்விட்டு வருகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. மஹீன் ஐந்து வேளை தொழுகிறவன், அவனுக்கு இதில் வேண்டுதல் ஒன்றும் கிடையாது. ஆனால் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பதினெட்டு வருஷமாக வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறவனுக்கு ஊர்ப் பழக்கம் கையில் வந்து ஒட்டிக்கொள்ளாதா. கடையை விட்டு இறங்கி இடப்பக்கம் ஒடித்தால் நேராகக் கிரிவலப் பாதை. உச்சி வெயிலில் தார் கொதிக்கும், வெறுங்காலோடு ஒருத்தரும் நடக்க மாட்டார்கள், பாதை காலியாக இருக்கும். பதினாலு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வேனிலிருந்து ரேஸ் கார் வரைக்கும் அவன் அங்கேதான் ஓட்டிப் பார்த்தான். மலை வலப்பக்கம் இருந்தால்தான் அவனுக்கு வண்டி புரியும்.

“டயர் காத்து கம்மியா இருந்திருக்கும். நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லி சோமேஷுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினான். காற்று கம்மியாக இல்லை என்பது அவனுக்குத் தெரியும். காலையில் அவனே அடித்த காற்று.

கார் சிவப்பிரியாவுடையது. பெரிய கோயில் குருக்கள் வீட்டுப் பெண், முப்பத்திரண்டு வயசு, காந்தி நகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இருபது வருஷப் பழைய ஜெர்மன் கார் ஒன்றை, பின் சக்கரத்துக்கு இழுவை உள்ள வண்டி என்பதற்காகவே தேடிப் பிடித்து வாங்கி, உள்ளே இருந்த சீட்டு, தரை விரிப்பு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் மஹீனிடம் கொண்டுவந்து விட்டாள். “ஒரே வண்டி பாய். சனிக்கிழமை ரேஸ், ஞாயித்துக்கிழமை டிரிஃப்ட். ரெண்டும் ஓட்டணும். ரெண்டு வண்டி வாங்கற அளவுக்கு எங்கப்பா தட்டுல விழறதில்ல,” என்றாள்.

கேட்டவர்கள் எல்லோரும் ஆகாத காரியம் என்றார்கள். ரேஸ் என்றால் நாலு சக்கரமும் ரோட்டை விடவே கூடாது. டிரிஃப்ட் என்றால் பின் சக்கரம் இரண்டும் விடு என்ற நொடியில் ரோட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வழுக்க வேண்டும், பிடி என்றால் பிடிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும். மஹீன் ஒரு வழி கண்டுபிடித்தான். நாலு ஸ்பிரிங்கின் உயரத்தையும் நன்றாக ஒருமுறை வைத்துவிட்டால் இரண்டு நாளும் அதைத் தொட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் முன் சக்கரத்தின் தலைச் சாய்வைக் கூட்டு, பின் ஷாக் அப்சார்பரை நாலு கிளிக் இறுக்கு, பின் டயரில் காற்றை ஏற்று, வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை அடுத்த துளைக்கு மாற்று. நாற்பது நிமிஷம். ஒரு அட்டையில் இரண்டு பத்தியாக எழுதி ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தான். சென்னை டீம்காரர்களே வந்து அந்த அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மஹீனுக்குத் தலை கால் புரியவில்லை.

ஆனால் ஸ்பிரிங்கின் உயரத்தை எப்படி வைத்தான் என்பது அந்த அட்டையில் இல்லை. அது அவன் கையில் இருந்தது. மலையைச் சுற்றி வருவான். வளைவில் மூக்கு கொஞ்சம் சுணங்கியதாகத் தோன்றினால் ஷெட்டுக்கு வந்து, முன்பக்க வலது ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைக் கால் திருகு ஏற்றுவான். மறுபடி ஒரு சுற்று. இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும். மறு மாதம் இன்னொரு கால் திருகு. ஒவ்வொரு தடவையும் வண்டி முன்னைவிட இனிமையாகத் திரும்பியது. மலையைச் சுற்றும்போது வண்டி வலப்பக்கமே திரும்புகிறது, இடப்பக்கம் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

இப்போது யோசித்தான். பசி நேரம், கடையில் யாரும் இல்லை. காரை எடுத்து, ரோட்டில் இறங்கி, வலப்பக்கம் ஒடித்து டவுனுக்குள் போய், காஞ்சி ரோட்டில் ஏறி, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டினான். அறுபதில்தான் போனான். அடி அண்ணாமலைக்கு முன்னால் ஒரு நீண்ட இடது வளைவு வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தான். வண்டி கேட்காத மாதிரி நேராக, தார் ஓரத்துப் புளியமரத்தைப் பார்த்துப் போயிற்று. இன்னும் ஒடித்தான். வரவில்லை. தானாகவே அவன் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழும்பியது. உடனே பின்பக்கம் வெடுக்கென்று வெளியே ஓடியது. பிடித்து நிறுத்தி, ஓரம் கட்டி, அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். எதிரே காவி கட்டிய ஒருவர் சுவர் நிழலில் உட்கார்ந்து சாவகாசமாக மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

போன ஜூலையில் சிவப்பிரியா ஒரு இடது வளைவில்தான் சுழன்று போய் டிராக் ஓரத்து டயர்ச் சுவரில் மோதினாள். வலது மணிக்கட்டு ஒடிந்து ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரித்து வந்து ஓட்டியபோது வலது வளைவெல்லாம் பழைய மாதிரி, இடது வளைவுக்கு முன்னால் மட்டும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். “மூக்கு போக மாட்டேங்குது பாய், பாருங்களேன்,” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். மஹீன் மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து வண்டியில் ஒன்றும் இல்லை என்றான். பிறகு ஒரு நாள் டிராக்கில், நாலு டீம்காரர்கள் சுற்றி நிற்க, வீடியோவை ஓட்டிக் காட்டி, இதோ பாருங்கள், இந்த இடத்தில் காலை எடுக்கிறீர்கள் என்று காட்டினான். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பயம் வந்தவங்க ஓட்டக் கூடாது மேடம் என்றும் சேர்த்துச் சொன்னான். நல்லதுக்குத்தான் சொன்னோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான். அந்த சீசன் முடிந்ததும் அவளே சோமேஷைக் கூப்பிட்டு, என் வண்டியை நீ ஓட்டு என்று கொடுத்துவிட்டாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ஜாஹிரா எதிரில் உட்கார்ந்து என்ன என்று கேட்டாள். சொன்னான். அவளுக்கு ஸ்பிரிங்கும் திருகும் புரியாது. மற்றது புரிந்தது.

“இப்ப சரி பண்ண முடியுமா?”

“ஒரு சாயங்கால வேலை. காதும் காதும் வெச்ச மாதிரி பண்ணிடலாம். அந்தப் பையன் ஓட்டி ஜெயிச்சான்னா நமக்குத்தான் பேரு. யாருக்கும் தெரியப் போறதில்ல.”

ஜாஹிரா குழம்புச் சட்டியை மூடினாள். “அந்த டிராக் விஷயத்துக்கு அப்புறம் நான் போய்ப் பாத்தேன் இல்ல. பயம்தான் பிரியா, விட்டுடுனு நானும் சொல்லிட்டு வந்தேன். நீங்க சொன்னீங்கன்னுதான் சொன்னேன்.” எழுந்து சட்டியை உள்ளே கொண்டுபோனாள். நின்று பேசியிருந்தால் அவனும் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை மண்டி வைத்திருக்கும் வேடியப்பனிடம் முந்தின நாளே போனில் கேட்டிருந்தான். ஜும்மா தொழுகை முடிந்து வருவதற்குள் நாலு எலக்ட்ரானிக் தராசும் வேனில் வந்து இறங்கியிருந்தன, ஒவ்வொன்றும் ஐநூறு கிலோ தாங்கும். சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று வேடியப்பன் எண்பது கிலோ பருப்பு மூட்டை ஒன்றையும் கூடவே அனுப்பியிருந்தான். மஹீன் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபைப் பிடித்துத் தரைமட்டம் பார்த்து, பலகை கொடுத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசை வைத்தான். வண்டியின் கணக்கு டிரைவர் உட்கார்ந்தால்தான் சரியாக வரும். சோமேஷ் எண்பது கிலோ. மூட்டையும் எண்பது கிலோ. மூட்டையைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டான்.

வளையம் திருகும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அடுத்த வாரம் எல்லாம் நல்லபடியாக முடியும். அந்தப் பெண் தூரத்தில் நின்று, தன் வண்டி இடது வளைவில் வேறொருவன் கையில் அழகாகத் திரும்புவதைப் பார்ப்பாள். பார்த்து, ஆமாம், நம்மிடம்தான் கோளாறு என்று உறுதிப்படுத்திக்கொள்வாள். சாவியை வைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, மூட்டையை இழுத்துத் தரையில் போட்டுவிட்டு, அவளுக்குப் போன் பண்ணினான்.

நாலு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தாள். தராசுகளைப் பார்த்து, “என்ன பாய், கடலை யாவாரமா?” என்றாள். சீட்டில் உட்காரச் சொன்னான். “சோமேஷ் இல்ல ஓட்டறது?” என்று கேட்டாலும் ஏறி உட்கார்ந்தாள். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

“நான் நம்பர் சொல்றேன் மேடம். மூலைக்கு மூலை கூட்டுங்க. முன்னாடி வலது முந்நூத்தி எழுவத்தி ரெண்டு. பின்னாடி இடது முந்நூத்தி அம்பத்தி ஆறு.”

“எழுநூத்தி இருவத்தெட்டு.”

“முன்னாடி இடது முந்நூத்தி பதினெட்டு. பின்னாடி வலது முந்நூத்தி இருவத்தி ரெண்டு.”

“அறுநூத்தி நாப்பது.” சொல்லிவிட்டு அவள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தாள். கணக்கு வரும் வீட்டுப் பெண். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். வித்தியாசம் எண்பத்தெட்டு கிலோ. இப்படி இருக்கிற வண்டி வலப்பக்கம் கூப்பிடுவதற்கு முன்னால் திரும்பும், இடப்பக்கம் அடித்தாலும் திரும்பாது. அவன் தரையைப் பார்த்தபடியே மலை, சுற்று, கால் திருகு எல்லாவற்றையும் சொன்னான். மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தான். ஆனாலும் இரண்டு இடத்தில் மென்று விழுங்கினான்.

“போன ஜூலையில?” என்றாள்.

“அப்பவும் இதேதான். கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும்.”

“அன்னிக்கி டிராக்ல என்கிட்ட என்ன சொன்னீங்கனு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“சொல்லுங்க.”

“கால எடுக்கறீங்கனு சொன்னேன்.”

“அப்புறம்.”

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “பயம் வந்தவங்க ஓட்டக் கூடாதுனு.”

அவள் தலையாட்டினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஸ்கூல்ல இப்ப நான் கிளாஸ்ல போர்டுல எழுதிப் போடறதோட சரி, தெரியுமா? ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறது எங்ககிட்ட வேல பாக்கற கீர்த்தனாதான். கத்துக்க வர்றவங்க பக்கத்துல என்னால உக்கார முடியல. லெஃப்ட் திருப்புனு சொல்லிட்டு, நான் கதவப் புடிச்சிக்கறேன். போன மாசம் ஒரு அம்மா சிரிச்சிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “எப்ப தெரிஞ்சிது உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“நேத்து மத்தியானம்.”

“நேத்து மத்தியானத்துலேருந்து இப்ப வரைக்கும்?”

“சொல்லாமயே சரி பண்ணிடலாமானு பாத்தேன் மேடம்.”

கீழே கிடந்த மூட்டையையும், அதன் மேல் பெல்ட் அழுத்தியிருந்த தடத்தையும் அவள் பார்த்தாள். “சரி, பண்ணுங்க. நான் எறங்கல,” என்றாள்.

முன்பக்க வலது வளையத்தை இறக்கினான். பின்பக்க இடதை இறக்கினான். மற்ற இரண்டையும் ஏற்றினான். ஒவ்வொரு திருகுக்கும் நாலு தராசிலும் எண் மாறியது. வண்டியின் நாலு மூலையையும் அமுக்கிக் குலுக்கிவிட்டு மறுபடி படித்தான், அவள் மறுபடி கூட்டினாள். மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதைக் கீழே கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் டீ வந்தது. அவள் டம்ளரை ஜன்னல் வழியே வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் அறுநூற்று எண்பத்துநாலு, அறுநூற்று எண்பத்துநாலு என்று வந்தது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். மஹீன் எழுந்து முட்டியை நீவிக்கொண்டான்.

“சோமேஷ் புதன்கிழமை வண்டி எடுக்க வர்றான். அவன்கிட்ட இன்னா சொல்றது?”

“இருங்க. மொதல்ல நான் ஓட்டிப் பாக்கறேன். நீங்களும் ஏறுங்க.”

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பக்கெட் சீட் இருந்தது. மஹீன் எப்போதும் தனியாகத்தான் ஓட்டிப் பார்ப்பான், அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஏறி பெல்ட் போட்டுக்கொண்டான். தரையில் விரிப்பு எதுவும் இல்லாததால் வெறும் தகரம் தெரிந்தது, அவளுடைய இரண்டு காலும் மூன்று மிதிகளும் பளிச்சென்று தெரிந்தன.

புறவழிச் சாலையை ஒட்டிப் புதிதாக மனை போட்டிருந்தார்கள். தார் ரோடு போட்டு, கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, ஒருத்தரும் இன்னும் வீடு கட்டாத இடம். நடுவில் நீரூற்று வைப்பதற்காக வட்டமாக ஒரு மேடை. அங்கே போய் அவள் முதலில் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தாள், நாயோ மாடோ உண்டா என்று. பிறகு இரண்டாவது கியரில் வேகம் எடுத்து, மேடையை இடது கைப்பக்கம் வைத்து ஒடித்தாள்.

மூக்கு போயிற்று. மஹீனுக்கு அது முதுகில் தெரிந்தது. சொன்ன இடத்தில், சொன்ன அளவு, நாலு சக்கரமும் ரோட்டைக் கவ்விக்கொண்டு வண்டி திரும்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட அதே நேரத்தில் எஞ்சின் சத்தம் தணிந்தது. கீழே பார்த்தான். அவள் வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றிருந்தது.

அவள் வண்டியை நிறுத்தினாள். கொடிகள் காற்றில் படபடத்தன.

“இப்ப வண்டியா பாய், நானா?”

வண்டிதான் மேடம், இன்னும் கால் திருகு பார்க்கணும் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இன்றைக்கு இரவு அவள் தூங்குவாள், அவனும் தூங்குவான். “வண்டி சரியா இருக்கு,” என்றான்.

“ம்.”

முதல் கியர் போட்டாள். மறுபடி வட்டத்துக்கு வந்தாள். ஒடித்தாள். வண்டி திரும்பியது, கால் எழும்பியது. மறுபடி. மூன்றாவது தடவை கால் எழும்பவில்லை என்று நினைத்தான், பாதி வளைவில் எழும்பிவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் கோபமாக இருந்தது. அந்தக் கோபம் அவன் மேலா, அந்தக் கால் மேலா என்று அவனுக்குத் தெரியவில்லை. வெயில் இறங்கி, நட்ட கற்களின் நிழல் ரோட்டுக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. அவள் மறுபடியும் வேகம் எடுத்தாள். வளைவு வந்தது. ஸ்டீயரிங் இடப்பக்கம் போயிற்று. இந்தத் தடவை மஹீன் அவள் காலைப் பார்க்கவில்லை. தன் பக்கம், மிதி எதுவும் இல்லாத அந்த வெறும் தகரத்தில் தன் வலது காலை, ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதிக்கிறவன் போல, எலும்பு வலிக்க, ஒரேயடியாக அழுத்திக்கொண்டிருந்தான்.